சேலத்தில் கூட வாசிக்க ஆள் கிடைத்த கதையும் கிடைக்காத கதையும்

அஸ்தம்பட்டி கிட்டார்:

எல்லோருக்கும் வணக்கம். வேலை மாற்றலில் சேலம் வந்தவன் நான். கிட்டார் வாசிப்பேன். மேடை ஏறும் ஆசை கிடையாது, ஆனால் வாசித்தால் ஒழுங்காக வாசிக்க வேண்டும் என்கிற ரகம். இந்த ஊரில் கூட வாசிக்க உருப்படியான ஆளை எப்படிப் பிடித்தீர்கள் என்று அவரவர் அனுபவத்தைச் சொல்லுங்கள். என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வாத்தியக் கடை ஒன்றில் அனுமதி கேட்டு ஒரு சீட்டு ஒட்டினேன். வாரம் ஒருநாள் சேர்ந்து வாசிக்க ஆர்வமுள்ளவர்கள் கூப்பிடவும் என்று. போனுக்குக் குறைவே இல்லை. ஒருவர் யூடியூப் சேனல் தொடங்கப் போகிறாராம், வீடியோவில் கிட்டாரோடு நிற்க ஆள் தேவையாம். இன்னொருவர் மகனுக்கு இலவசமாகச் சொல்லித்தர முடியுமா என்று கேட்டார். இரண்டு பேர் வீட்டுக்கே வந்தார்கள். டீ குடித்தார்கள், எந்தக் கம்பெனி கிட்டார் உசத்தி என்று பேசினார்கள், கிளம்பிவிட்டார்கள். உறையிலிருந்து கிட்டாரை எடுக்கவே இல்லை.

அப்புறம் சீட்டை மாற்றி எழுதினேன். என்ன பாட்டு, எந்த ஸ்கேல், எந்த வேகம், ஞாயிறு எத்தனை மணி, எல்லாம் அதிலேயே. போன் சுத்தமாக நின்றுபோனது. கடைசியில் ஒரே ஒருவர் கூப்பிட்டார். சூரமங்கலம் பக்கம், ரயில்வேயில் வேலை, பேஸ் கிட்டார். எடுத்த எடுப்பில் கேட்டது இதுதான்: "இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வரும் இடையிசையையும் வாசிக்கிறோமா, இல்லை விட்டுவிடுகிறோமா?" பாட்டை உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் போனையே எடுத்திருக்கிறார்.

வந்த அன்றைக்குப் பாட்டையே தொடவில்லை. பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 80 அடி. அவர் போனில் தாளம் தட்டும் மெட்ரோனோமை 40-இல் வைத்தார். அதாவது தட்டு இரண்டாம் அடியிலும் நாலாம் அடியிலும் மட்டும் விழும், ஒன்றும் மூன்றும் நம் மண்டைக்குள் ஓட வேண்டும். இரண்டே கார்டு, மாற்றி மாற்றி. அவர் அடிச்சுரத்தை மட்டும் பிடிக்கிறார். டிரம்ஸ் இருந்தால் இந்தத் தள்ளாட்டமெல்லாம் சத்தத்தில் மறைந்துவிடும். இரண்டு பேர் மட்டும் இப்படி வாசித்தால் யார் முந்துகிறார், யார் இழுக்கிறார் என்று பச்சையாகத் தெரிந்துவிடுகிறது. அடுத்த வாரம் தொலைபேசியில் கூப்பிட்டு நினைவுபடுத்த வேண்டிய அவசியமே வரவில்லை.

இப்போது இருவரும் சேர்ந்து இடம் தேடுகிறோம். அபார்ட்மெண்டில் ஆம்ப் போட்டால் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிடுகிறார். இடம் கிடைத்தவர்கள் அதையும் எழுதுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை வயலின்:

தம்பி, பாட்டைக் கேட்டுவிட்டுக் கூப்பிட்டார் என்று எழுதினீர்களே, கர்நாடக சங்கீதத்திலும் அதேதான். எங்களுக்குச் சீட்டு ஒட்டும் பழக்கம் மட்டும் இல்லை. தியாகராஜ ஆராதனை இருக்கிறது.

புஷ்ய பகுள பஞ்சமி, பெரும்பாலும் ஜனவரியில் வரும். திருவையாற்றில் நடப்பதைத்தான் எல்லோரும் டிவியில் பார்க்கிறார்கள். சின்ன ஊர்களிலும் கோயில் மண்டபத்திலோ யாராவது வீட்டு மாடியிலோ பத்து இருபது பேர் கூடி தியாகராஜரின் ஐந்து பஞ்சரத்னக் கீர்த்தனைகளைப் பாடுவதுண்டு. ஆள் தேட அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. முதலாவதான நாட்டை ராகத்தில் எல்லோரும் ஜோராக ஆரம்பிப்பார்கள். கௌளையில் கொஞ்சம் குரல் குறையும். ஆரபியில் மறுபடி சூடு பிடிக்கும். நாலாவது வராளி. அங்கேதான் வேடிக்கை. ஸ்வரங்கள் பாடும் இடம் வரும்போது பாதிப் பேர் புத்தகத்தைப் புரட்டுவார்கள், மீதிப் பேர் தாளம் மட்டும் போடுவார்கள். குரு நேரடியாகச் சொல்லித்தரக் கூடாத ராகம் என்று அதற்கு ஒரு பேச்சு உண்டு இல்லையா, பலருக்கு அது நல்ல சாக்கு! அதன் மத்யமம் (ம) பஞ்சமத்தை (ப) ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும், கொஞ்சம் இறங்கினாலும் ராகம் வேறு எங்கோ போய்விடும். அந்த இடத்தில் எனக்கு இரண்டு வரிசை பின்னால் ஒரு அம்மா கையில் காகிதமே இல்லாமல் சுத்தமாகப் பாடிக்கொண்டிருந்தார். ஐந்தாவதான ஸ்ரீ ராகக் கீர்த்தனை முடிந்து மங்களம் ஆனதும் நேரே போய், "அம்மா, உங்களுக்கு எத்தனை கட்டை?" என்று கேட்டேன், அதாவது எந்த ஸ்ருதியில் பாடுவார் என்று. "அஞ்சரை. வாரத்துக்கு ஒருநாள் வாசிக்கிறீங்களா?" என்று அவரே கேட்டுவிட்டார்.

மிருதங்கம்தான் பாடாய்ப் படுத்தியது. அம்மாப்பேட்டையில் ஒரு பையன், விரல் தெளிவு, காலப்பிரமாணம் கல்லில் அடித்தது போல் நிற்கும். ஆனால் அவனிடம் இருந்தது ஒரு கட்டைக்குச் சேரும் தக்கு ஸ்ருதி, அதாவது தாழ்ந்த ஸ்ருதி மிருதங்கம். இழுத்து ஏற்றினாலும் அது அஞ்சரைக்கு எங்கே போகும்? வார் அறும், தோல் கிழியும். "இதை வைத்துக்கொண்டே தட்டுகிறேன், பரவாயில்லை சார்" என்று சொல்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். இவன் அப்படிச் சொல்லவில்லை. தன் ஆசிரியரிடம் சின்ன மிருதங்கம் ஒன்றை இரவல் வாங்கி, தோல் மூட்டு மாற்றி, அதற்கப்புறம்தான் வந்தான். வந்ததும் தொப்பி என்கிற இடது பக்கத் தோலுக்கு ரவை பிசைந்து ஒட்டினான், ஸ்ருதி சேர்க்கும் கல்லையும் மரப்புள்ளையும் எடுத்து வலது தோலின் விளிம்பில் எல்லாக் கண்ணும் ஒரே ஸ்வரம் பேசும்வரை தட்டினான். நாங்கள் இருவரும் வாயைத் திறக்காமல் காத்திருந்தோம். ஸ்ருதி சேர்க்க இவ்வளவு நேரமா என்று கேட்கிறவரோடு நான் உட்காருவதில்லை.

தாதகாப்பட்டி பேட்:

அண்ணன்மார்களே, நான் மெல்லிசைக் குழுவில் ரிதம் பேட், அதாவது எலக்ட்ரானிக் தாள வாத்தியம் வாசிக்கிறவன். ஒன்று சொல்லியே ஆக வேண்டும். காசு வாங்கி வாசிக்கிறவனுக்கு அக்கறை இல்லை என்று இங்கே சிலருக்கு நினைப்பு இருக்கிறது. ஆடி மாதம் சேலத்துக்கு வந்து பாருங்கள். கோட்டை மாரியம்மன் கோயிலில் தொடங்கி ஊர் முழுக்க மாரியம்மன் பண்டிகை, தெருவுக்குத் தெரு பம்பை, உடுக்கை, கச்சேரி. ஒரே ராத்திரியில் பழைய பாட்டு, புதுப் பாட்டு, சாமி பாட்டு எல்லாம் வாசிக்க வேண்டும், ரிகர்சல் கிடையாது.

ஒரு கச்சேரியில் பாடகருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பல்லவி முடிந்ததும் கீபோர்டுக்காரரைப் பார்த்துக் கட்டைவிரலைக் கீழே காட்டினார். இடையிசை முடிவதற்குள் கீபோர்டு ஒரு கட்டை இறங்கி நின்றது. பேஸ்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் அதே இடத்தில் வந்து சேர்ந்தார். கீழே நின்ற கூட்டத்துக்கு ஒன்றும் தெரியாது. இதைக் காதை வைத்துத்தான் செய்ய முடியும். அந்தக் கீபோர்டுக்காரரோடுதான் இன்றுவரை வாசிக்கிறேன்.

இதற்கு நேர்மாறாகவும் பார்த்திருக்கிறேன். லேப்டாப்பில் டிராக்கை ஓடவிட்டு, வாத்தியத்தைச் சும்மா தடவிக்கொண்டு நிற்பது. பாடகர் ஒரு வரியைத் தவறவிட்டால் டிராக் காத்திருக்காது, அப்படியே போய்க்கொண்டிருக்கும். ஏற்பாடு செய்கிறவர்களுக்கு அதில் செலவு குறைவு, அவர்களையும் குறை சொல்ல முடியவில்லை.

ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு ஒரு பெருமூச்சு வரும். 1930-களில் டி.ஆர்.சுந்தரம் தொடங்கியது, நூற்றுக்கும் மேல் படம் எடுத்த இடம். இன்று வளைவுதான் பாக்கி. சரி, அது வேறு கதை.

இடத்துக்கு ஒரு யோசனை: கல்யாண மண்டபம். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, மண்டபம் பூட்டிக் கிடக்கும். ஆடியில் எங்களுக்கு நேரம் இருக்காது, உங்களுக்கு இருக்குமே. பந்திக் கூடத்தைக் கேளுங்கள், பெரிய ஹால் வேண்டாம், எதிரொலியில் ஒன்றும் புரியாது. கரண்டு செலவைக் கொடுத்தால் போதும் என்று சொல்லும் மேனேஜர்கள் இருக்கிறார்கள். தெரிந்தவர் ஒருத்தர் மூலமாகப் போங்கள்.

ஏற்காடு பாடகர் குழு:

மலைமேல் இருப்பவர்களையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு தேவாலயப் பாடகர் குழுவைப் பழக்குகிறவள். மேல்குரல்களான சோப்ரானோ, ஆல்ட்டோவுக்குப் பள்ளிப் பிள்ளைகள் உண்டு. டெனர், அதாவது ஆண்களின் உயர்ந்த குரல், குதிரைக் கொம்பு. நல்ல குரலுள்ள பையன்கள் பிளஸ் டூ முடிந்ததும் கோயம்புத்தூர், சென்னை என்று இறங்கிவிடுகிறார்கள்.

கிறிஸ்துமஸ் பயிற்சி நவம்பரில் தொடங்க வேண்டும். காப்பிப் பழம் பறிக்கும் காலமும் அதுவேதான். எங்கள் கீழ்க்குரலான பேஸ் பாடுகிறவர்களில் பாதிப் பேர் எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்கள். விடிந்ததிலிருந்து சரிவில் நின்று பறித்துவிட்டு, சாயங்காலம் எடை போட்டுக் கொடுத்துவிட்டு வருவார்கள். அதில் ஒரு அண்ணனுக்கு நோட்டேஷன் வாசிக்கத் தெரியாது. அவருடைய பகுதியை நான் ஒரு முறை வாசித்துக் காட்டுவேன், போனில் பதிவு செய்துகொள்வார். மறுநாள் வரும்போது தன் பகுதி மட்டுமல்ல, டெனர் பகுதியும் பாடமாகியிருக்கும். "பக்கத்தில் யார் என்ன பாடுறாங்கன்னு தெரியணும்ல, டீச்சர்" என்றார். பியானோவில் கிரேடு தேர்வெல்லாம் தேறிய சிலர் எங்கள் குழுவுக்கு வந்ததுண்டு. பக்கத்துக் குரல் தடுமாறும்போது தன் வரியை மட்டும் பார்த்துக்கொண்டு போய்க்கொண்டே இருப்பார்கள்.

கீழேயிருந்து யாராவது வருகிறேன் என்றால் முதலில் நான் கேட்பது கடைசி பஸ்ஸைத்தான். 20 கொண்டை ஊசி வளைவு. இருட்டில் பனியில் வண்டியில் இறங்கச் சொல்ல எனக்கு மனம் வராது. அதனால் பயிற்சியை மதியத்துக்கு மாற்றினோம். அதற்கப்புறம்தான் சேலத்திலிருந்து ஒரு டெனர் நிலைத்தார்.

வயலின் சாருக்கு ஒன்று: ஒரு விழாவுக்கு மிருதங்கத்தோடு ஒருவர் மேலே வந்தார். மஞ்சு இறங்கியதும் தோல் ஈரம் குடித்து ஸ்ருதி இறங்கிக்கொண்டே போனது. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் தட்டித் தட்டி ஏற்றினார், பாவம். இங்கே வருவதாக இருந்தால் கொஞ்சம் முன்னதாகவே வந்துவிடுங்கள், வாத்தியம் இந்தக் குளிருக்குப் பழகட்டும்.

செவ்வாய்ப்பேட்டை வயலின்:

உண்மைதான் டீச்சர். வயலினிலும் தந்தியை முறுக்கும் பிருடை ஈரத்தில் உப்பிக்கொண்டு திருகவே வராது. சேலத்துச் சித்திரை வெயிலில் அதே பிருடை காய்ந்து, தானாகச் சுழன்று தந்தி தளர்ந்துவிடும்.

கன்னங்குறிச்சி தவில்:

எல்லாவற்றையும் படித்தேன். நான் பெண், வாசிப்பது தவில். மாவட்ட அரசு இசைப்பள்ளியில் மூன்று வருடப் படிப்பு முடித்தேன். எனக்கு ஆள் கிடைக்காமல் இல்லை, தவறான காரணத்துக்குக் கிடைத்தார்கள். ஒரு குழுவில் கூப்பிட்டு உட்கார வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பெண் தவில் என்று போஸ்டரில் போட்டார்கள். மேடையில் தனி வரும் நேரம் பார்த்து, "நேரம் ஆயிடுச்சும்மா" என்று முடித்துவிட்டார்கள். இன்னொரு இடத்தில், "தவில் வேண்டாம், உங்களுக்குக் குரல் நன்றாக இருக்கு, பாடுங்களேன்" என்றார்கள்.

கடைசியில் கிடைத்தது ஒரு நாகசுரக்காரர். வயதானவர், கோயில் சேவகம் பார்த்தவர். என்னைப் பார்த்ததும் அவர் பெண்ணா ஆணா என்றெல்லாம் கேட்கவில்லை. விரல்களில் கூடு மாட்டி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "மிஸ்ர சாபுல ஒரு மோரா வெச்சு முடி, பார்ப்போம்" என்றார். ஏழு எண்ணிக்கைத் தாளத்தில், மூன்று முறை வரும் முடிப்புச் சொற்கட்டு அது. முடித்தேன். "நல்லா இருக்கு, ஆனா கழி கை ரொம்பப் பேசுது. நான் மூச்சு எடுக்கிற இடத்துல நீ நிரப்பாதே, விட்டுடு" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இன்னமும் அவரிடம் போகிறேன். வீட்டில் இரவு எட்டு மணிக்குள் வரச் சொல்வதால் நாங்கள் காலை ஆறுக்கே உட்கார்ந்துவிடுவோம். அந்தத் தெருவில் தறிச் சத்தம் முன்பே தொடங்கிவிடும், எங்களைப் பற்றி யாரும் புகார் சொல்வதில்லை.

கிட்டார் அண்ணா, நீங்களும் பேஸ்காரரும் எங்களோடு ஒருநாள் வாசிக்க வருவீர்களா? ஐயாவிடம் கேட்டேன். "வரட்டும், ஆனா கார்டு கார்டுன்னு ராகத்து மேல கொட்டக் கூடாது" என்றார்.

அஸ்தம்பட்டி கிட்டார்:

வருகிறோம், தங்கச்சி. கார்டு கொட்ட மாட்டோம். சட்ஜமும் பஞ்சமமும் பிடிக்கிறோம், மற்றது ஐயா சொல்கிறபடி. பேட் அண்ணன் சொன்ன மாதிரி ஒரு பந்திக் கூடமும் கிடைத்துவிட்டது, மார்கழி முடியும்வரை. என்ன ராகம், என்ன தாளம், எத்தனை கட்டை என்று மட்டும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

கன்னங்குறிச்சி தவில்:

ஆரபி, ஆதி தாளம். ஐயாவின் நாகசுரம் இரண்டரைக் கட்டை.

அஸ்தம்பட்டி கிட்டார்:

சரி. தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போ கிளிப்பை முதல் ஃப்ரெட்டில் போட்டு டி பிடித்தால் இரண்டரை வந்துவிடும். பேஸ்காரரிடம் சொல்லிவிட்டேன். அவர் ஏற்கெனவே ஆரபி கேட்டுக்கொண்டிருக்கிறார். இறங்கும்போது காந்தாரமும் நிஷாதமும் வருகிறதே, ஏறும்போது ஏன் இல்லை என்று கேட்கிறார். அதை ஐயாவிடமே கேட்கச் சொல்லியிருக்கிறேன்.