மிசோபோனியா: ஒலிவெறுப்பா, ஒலிச்சினமா?

> ‘ஒலிவெறுப்பு’ என்றே வைத்துவிடலாமே? கிரேக்கத்தில் ‘மிசோஸ்’ வெறுப்பு, ‘போனே’ ஒலி. நேராகப் பொருந்துகிறது.

வணக்கம் ஐயா. மிசோபோனியாவுக்கு, அதாவது பிறர் மெல்லுவது போன்ற சில ஒலிகளைக் கேட்டாலே சினம் பொங்கும் தொல்லைக்கு, நான் ‘ஒலிச்சினம்’ என்கிறேன். ‘ஒலிவெறுப்பு’ மூலச்சொல்லுக்குப் பொருந்துகிறது, தொல்லைக்குப் பொருந்தவில்லை. ‘மிசோபோனியா’ 2001இல் செவித்திறன் ஆய்வாளர்களான ஜாஸ்ட்ரெபாஃப் இணையர் வைத்த பெயர். ஆனால் இத்தொல்லை உள்ளவர் ஒலியை வெறுப்பவர் அல்லர். பேரிரைச்சலிலும் அமைதியாக உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் ஒருவர் வாயை மூடாமல் சவக் சவக்கென்று மெல்லத் தொடங்கினால் போதும். தாடை இறுகும், நெஞ்சு படபடக்கும், எழுந்து ஓடிவிடத் தோன்றும். அவரே மெல்லும்போது பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை.

நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய ஒலிகளைக் கேட்கும்போது இவர்களின் மூளையில் உணர்ச்சிகளோடு தொடர்புடைய முன் இன்சுலா என்ற பகுதி மற்றவர்களைவிட மிகுதியாகத் தூண்டப்படுவது தெரிந்தது. 2021இல் அதே குழு இன்னொன்றையும் காட்டியது: செவிப்புலப் பகுதிக்கும், வாய், முகம், தொண்டையை அசைக்கும் பகுதிக்கும் இவர்களிடம் பிணைப்பு வலுவாக இருக்கிறது. எதிராளியின் வாயசைவு தம் வாய்க்குள்ளேயே புகுந்துவிட்டதுபோல் இருக்கும் என்று இதை விளங்கிக்கொள்ளலாம். ஆக, சத்தத்தின் அளவு இங்கே பெரிதில்லை.

ஒலி திரும்பத் திரும்ப வருவதுதான் பாடு. நம் ஒலிக்குறிப்புச் சொற்களிலேயே இது இருக்கிறது. மடக்கென்று ஒரு முறை விழுங்கினால் யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? மடக் மடக்கென்று தொடர்ந்தால் காது அங்கேயே போய் நின்றுவிடும். நறநற, மொறுமொறு, சவக் சவக் எல்லாமே இரட்டித்துத்தான் நிற்கின்றன. சப்புக்கொட்டலும் ‘சர்ர்’ என்று உறிஞ்சுவதும் வேறு வகை. இத்தொல்லைக்கு விளக்கம் எழுதும்போது இவற்றை அப்படியே எடுத்தாள வேண்டும். ‘உணவருந்தும் ஓசைகள்’ என்று பொதுவாக எழுதினால் எதுவுமே காதில் விழாது.

> சரி, ‘ஒலிச்சினம்’ என்றால் அருவருப்பும் பதற்றமும் விடுபடுமே?

விடுபடும், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் முதலில் பொங்குவது பெரும்பாலும் சினம்தான். சினம் எழும், ஒலி நின்றால் தணியும், வெறுப்பு தங்கிவிடும். இவர்களைத் துன்புறுத்துவது பெரும்பாலும் கூடவே வாழ்பவர்கள் எழுப்பும் ஒலி. “எனக்கு ஒலிவெறுப்பு” என்று ஒரு பிள்ளை சொன்னால், தன்னையே வெறுப்பதாகத்தான் தாய் எடுத்துக்கொள்வார். நான் ‘வெறுப்பு’ வேண்டாம் என்பது முதன்மையாக இதற்காகவே.

‘ஒலியொவ்வாமை’யையும் யோசித்தேன். அற்பத் தூண்டலுக்குப் பெரும் எதிர்வினை என்ற கருத்து அதில் அழகாக வருகிறது. ஆனால் ஒவ்வாமை என்றால் அலர்ஜி என்று நிலைத்துவிட்டதே. காதில் அரிப்பு என்று நினைப்பார்கள்.

போனோபோபியாவுக்கு ஒலியச்சம் இருக்கட்டும். எந்த ஒலியும் சற்று உரத்தாலே தாங்கமுடியாமல் போகும் ஹைபராகூசிஸுக்கு ‘ஒலிமிகையுணர்வு’ சரிவரும். ஒலிச்சினத்தோடு சேர்த்து இந்த மூன்றும் தனித்தனியாக நிற்க வேண்டும்.

எரிச்சலைக் கிளப்பும் குறிப்பிட்ட ஒலிக்குத் ‘தூண்டொலி’ என்கிறேன். மெல்லும் ஒலிக்கு ‘மெல்லொலி’ வேண்டாம். மென்மையான ஒலி என்றும் பொருள்படும். ‘சவைப்பொலி’ எனலாம். பார்வைக்கே எரிச்சலூட்டும் காலாட்டல் போன்ற அசைவுகளுக்கு ‘மிசோகினீசியா’ என்று தனிப்பெயர் உண்டு. ஒலிச்சினத்தை ஏற்றால் அதற்கு ‘அசைவுச்சினம்’ தானாகக் கிடைத்துவிடும்.