வாவி நண்டு ஓட்டிலிருந்து காயக்கட்டு: ஆய்வரங்கு முதலிலா, ஆக்கவுரிமை முதலிலா?

சம்மாந்துறை மாணவி
பிரயோக விஞ்ஞான பீடத்தில் இரசாயனவியல் இறுதியாண்டில் பயில்கிறேன். மட்டக்களப்பு வாவியில் பிடிபடும் நண்டு, இறால் ஆகியவற்றின் கழிவு ஓடுகளிலிருந்து கைற்றோசன் என்ற இயற்கைப் பல்பகுதியத்தைப் பிரித்தெடுத்து, இரத்தப்போக்கை நிறுத்தும் காயக்கட்டு ஒன்றை எங்கள் குழு தயாரித்துள்ளது. உயிரணுக்களோடு வைத்துப் பார்த்தபோது தீங்கு எதுவும் தென்படவில்லை. இதனை உடலுக்கு ஒவ்வும் பொருள் என்று இப்போதே எழுதலாமா? ஆய்வரங்குக்குச் சுருக்கம் அனுப்பும் முன்னரே ஆக்கவுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டுமா?

கல்லடி வாசகர்
தங்கச்சி, அப்படி எழுதுவதற்கு இன்னும் காலம் இருக்கிறது. குறித்த ஒரு பயன்பாட்டில் உடலிடமிருந்து தக்க எதிர்விளைவைப் பெறுவதே ஒவ்வுமை என்று உயிர்ப்பொருள் அறிஞர் டேவிட் வில்லியம்ஸ் 1987இல் வரையறுத்தார். உங்கள் கைற்றோசனே அதற்கு நல்ல சான்று. அதன் நேரேற்றம் செங்குருதிக் கலங்களை ஈர்த்துத் திரளச் செய்வதால் திறந்த காயத்தில் அது மருந்தாகிறது. அதே திரட்சி இரத்தக் குழாய்க்குள் நிகழ்ந்தால் உயிராபத்தாகும்.

மருத்துவச் சாதனங்களின் உயிரியல் பாதுகாப்பை மதிப்பிடும் சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 10993 தொடரின் 5ஆம் பகுதிப்படி, பொருளின் சாற்றில் வளர்த்த உயிரணுக்களில் உயிருள்ளவை 70 சதவீதத்துக்குக் கீழே போனால் நச்சுத்தன்மைக்கு வாய்ப்புண்டு என்று கொள்வார்கள். அதில் தேறினாலும் தோல் எரிச்சல், ஒவ்வாமை ஆகிய சோதனைகள் எஞ்சியிருக்கும். உங்கள் மூலப்பொருளில் நான் அஞ்சுவது இரண்டை: ஓட்டில் ஒட்டியிருக்கும் புரதம் முழுமையாக நீங்காவிட்டால் இறால் ஒவ்வாதவர்களுக்குக் கேடு, வெயிலில் கிடந்து அழுகிய ஓட்டிலுள்ள பற்றீரியாக்களின் அகநச்சு (அவற்றின் கலச்சுவரிலிருந்து வெளிவரும் நச்சு) கைற்றோசனின் நேரேற்றத்தோடு பிணைந்துகொண்டால் அதனைக் கழுவி நீக்குவது மிகக் கடினம். ஆகவே ஓடுகளைச் சந்தையிலிருந்து புதிதாகவே பெற்று, குளிரில் வைத்திருங்கள். காமாக் கதிர் கொண்டு கிருமிநீக்கம் செய்தால் மூலக்கூற்றுச் சங்கிலிகள் அறுபடும் என்பதால், கிருமி நீக்கிய இறுதிப் பொருளையே சோதிக்க வேண்டும். ஆய்வுகூடத்தில் கிருமி நீக்காமல் சோதித்த மாதிரியின் முடிவு அதற்குச் செல்லாது.

அக்கரைப்பற்று வாசகர்
ஆக்கவுரிமை பற்றி மட்டும் சொல்கிறேன். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, விண்ணப்பத்துக்கு முந்தைய ஓராண்டுக்குள் நீங்களே வெளியிட்டது உங்கள் புதுமையைக் கெடுக்காது. ஐரோப்பாவில் அத்தகைய பொதுச் சலுகை இல்லையாதலால், அச்சிட்ட சுருக்கம் ஒன்றே அங்கு வாயிலை அடைத்துவிடும். விண்ணப்பத்தை முதலில் கொடுங்கள். சிகிச்சை முறைக்கு நம் சட்டம் ஆக்கவுரிமை தராது. அதில் பயன்படும் பொருளுக்குத் தரும். ஆனால் கைற்றோசன் காயக்கட்டு அமெரிக்காவில் 2002இலேயே அனுமதி பெற்ற சரக்கு. வாவி நண்டு என்பது மூலத்தின் முகவரியே தவிர, புத்தாக்கமாகாது.

சம்மாந்துறை மாணவி
நன்றி. ஓட்டிலிருந்து புரதம் நீக்கும் படிமுறையில் நாங்கள் செய்த மாற்றத்தையே உரிமைக் கோரிக்கையாக எழுதலாம் என்று மேற்பார்வையாளரும் கருதுகிறார். உற்பத்தியாளர் ஒருவரை இப்போதே தேடலாமா?

கல்லடி வாசகர்
தேடலாம், ஆனால் அவசரம் வேண்டாம். திருவனந்தபுரத்துச் சித்திரைத் திருநாள் மருத்துவ ஆய்வு நிறுவனத்தின் செயற்கை இதய வால்வு, முந்தைய மூன்று வடிவமைப்புகள் கைவிடப்பட்ட பின்னரே 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது, பின்னர் டி.டி.கே. நிறுவனம் அதனை உற்பத்தி செய்தது. நம் நாட்டில் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கத் தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகாரசபைச் சட்டப்படி மருத்துவச் சாதனத்துக்கும் பதிவு கட்டாயம். எந்த உற்பத்தியாளரும் முதலில் கேட்கப்போவது அதற்கான சோதனை அறிக்கைகளையே.