புதுப்பிப்பு: 205/60 ஆர்16 டயரும் குறைந்த மைலேஜும் – காரணம் தெரிந்தது

பழைய கார் ஒன்றை வாங்கியபோது, நிறுவனம் தரும் 185/65 ஆர்15 டயருக்குப் பதிலாக 205/60 ஆர்16 அளவு (முதல் எண் மி.மீ.யில் டயரின் அகலம், அடுத்தது அந்த அகலத்தில் பக்கச்சுவர் உயரத்தின் சதவீதம், கடைசி எண் அங்குலத்தில் வீலின் விட்டம்) பொருத்தப்பட்டிருந்ததையும், லிட்டருக்கு 15 கிலோமீட்டரே கிடைப்பதையும் இங்கே எழுதியிருந்தேன். வழிகாட்டிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

முதலில் ஓடோமீட்டரை, அதாவது கார் ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரைச் சரிபார்க்கச் சொன்ன யோசனைதான் குழப்பத்தைத் தீர்த்தது. நிறுவன அளவு டயரின் விட்டம் ஏறத்தாழ 622 மி.மீ.; பொருத்தப்பட்டிருந்ததன் விட்டம் 652 மி.மீ. சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் கார் 5 சதவீதம் கூடுதல் தூரம் போகிறது. ஆனால் ஓடோமீட்டர் சுற்றுகளை மட்டுமே எண்ணி நிறுவன அளவின் விட்டத்தின்படியே தூரத்தைக் கணக்கிடுகிறது. நெடுஞ்சாலையில் ஜிபிஎஸ் உடன் ஒப்பிட்டபோது, மீட்டரில் 100 காட்டிய இடத்தில் உண்மையான தூரம் 105 கிலோமீட்டராக இருந்தது. ஆகவே உண்மையான மைலேஜ் 15 அல்ல, 15.75.

அதன்பின், மற்றொருவர் வற்புறுத்தியபடி, 15 அங்குல வீலுக்கும் உருளல் தடை (உருளும்போது டயரில் வீணாகும் ஆற்றல்) குறைந்த 185/65 டயருக்கும் மாறினேன். காற்றழுத்தத்தைக் கதவோரப் பட்டியலில் உள்ளபடியே வைத்தேன். அதே சாலையில் இப்போது 18 கிடைக்கிறது. அகலம், எடை, டயரின் தன்மை மூன்றும் ஒருசேர மாறியதால், எது எவ்வளவு உதவியது எனப் பிரிக்க இயலாது.

எதிர்பாராதது இழுவையில் தெரிந்த மாற்றம்: பெரிய விட்டம் சற்றே உயர்ந்த கியரில் ஓட்டுவது போன்ற விளைவைத் தந்து சக்கரத்தின் இழுவிசையைக் குறைத்துவிடுவதால், முன்பு மேம்பாலங்களில் மூன்றாம் கியருக்கு இறங்க வேண்டியிருந்தது, இப்போது நான்கிலேயே கார் சிரமமின்றி ஏறுகிறது.