கடலோர நடைபாதையில் பேட்டரி சைக்கிள்: ஒதுங்க வேண்டியது யார்?

மண்டபத்துக்காரன் கேட்டது:

மண்டபம் பக்கம் ஒரு கரையோர ஊர் எங்களுடையது. கடலை ஒட்டி பேவர் பிளாக் போட்ட பாதை ஒன்று இருக்கிறது. இரண்டு பேர் கை வீசி நடக்கலாம், மூன்றாவது ஆள் எதிரே வந்தால் யாராவது ஒருவர் மணலில் இறங்கித்தான் ஆக வேண்டும். விடியற்காலையில் நடக்கப் போகிறவர்கள், ஏலம் முடிந்து மீன் கூடையோடு திரும்பும் பெண்கள், டியூஷன் பிள்ளைகள், ஓரத்தில் உட்கார்ந்து வலை பொத்துகிறவர்கள் என்று எல்லாருக்கும் அது ஒன்றுதான் வழி. சைக்கிளும் எப்போதும் வரும், அதில் யாருக்கும் வருத்தம் இருந்ததில்லை. இந்த ஒரு வருடமாக பேட்டரி சைக்கிள் பெருகிவிட்டது, பிரச்சினையும் அங்கேதான் ஆரம்பித்தது.

போன செவ்வாய்க்கிழமை நானும் அப்பத்தாவும் பால் வாங்கிக்கொண்டு வந்தோம். ஆடிக் காற்று எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மணல் கண்ணில் விழாமல் இருக்க முந்தானையைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு, மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்றை எதிர்த்துக் குனிந்தபடி மேற்கே நடந்துகொண்டிருந்தார். பின்னாலிருந்து வந்த பேட்டரி சைக்கிள் அவருக்கு இடப்பக்கமாக நுழைந்தது. கைப்பிடியின் முனை தூக்குவாளியில் மாட்டி, பால் கொட்டி, அப்பத்தா அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். முழங்கை உரசிவிட்டது, நல்லவேளை எலும்புக்கு ஒன்றும் இல்லை. 74 வயது, இடுப்பு முறிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்னமும் கை நடுங்குகிறது.

ஓட்டி வந்தவன் பள்ளிக்கூடப் பையன். ஓடிப்போகவில்லை, வண்டியைப் போட்டுவிட்டு வந்து தூக்கினான். "மணி அடிச்சேன் பாட்டி, கேக்கலையா" என்று அழாத குறையாகக் கேட்டான். அவன் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் பக்கத்திலேயே நடந்துவந்த எனக்கும் எதுவும் கேட்கவில்லை.

இப்போது ஊரில் சிலர் பாதையின் இரண்டு முனையிலும் இரும்புக் கம்பி நட்டு மறித்துவிடலாம் என்கிறார்கள். மறித்தால் மூன்று சக்கர வண்டியில் வரும் மாற்றுத்திறனாளி ஒருவருக்கும் வழி போய்விடும். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இருக்கிறது. சட்டம் என்ன சொல்கிறது, உங்கள் ஊரில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

ஐஸ்பெட்டி எழுதியது:

அண்ணே, முதலில் அப்பத்தாவை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் பேட்டரி சைக்கிள் ஓட்டுகிற ஆள். தங்கச்சிமடத்தில் மீன் எடுத்து ஊர் ஊராக விற்கிறேன், பின்னால் ஐஸ்பெட்டி. மூட்டு வலி வந்த பிறகு இந்த வண்டி இல்லையென்றால் தொழிலையே விட்டிருப்பேன். 87ஆம் எண் நெடுஞ்சாலையில் இராமேசுவரம் போகிற வேனும் பஸ்ஸும் உரசிக்கொண்டு போகும், ஓரத்தில் இறங்கினால் மணலில் சக்கரம் புதையும். கம்பி நட்டால் என்னைப் போன்றவர்களை அந்த ரோட்டுக்குத்தான் தள்ளுவீர்கள்.

மணி கேட்காததற்குக் காரணம் காற்று. காற்றை எதிர்த்து நடக்கிறவருக்குப் பின்னால் நின்று என்ன அடித்தாலும் சத்தம் முன்னே போகாது, நம் முதுகுப் பக்கமே போய்விடும். எதிர்க்காற்றில் முன்னால் போகும் வள்ளத்தைக் கூப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். இன்னொன்றையும் யோசியுங்கள். சாதா சைக்கிள்காரன் எதிர்க்காற்றில் மூச்சு வாங்கி மிதித்து மெதுவாகத்தான் வருவான், செயின் சத்தமும் பெடல் சத்தமும் கூடவே வரும். பேட்டரி வண்டிக்குக் காற்று ஒரு பொருட்டே இல்லை, அதே வேகத்தில் சத்தமில்லாமல் வந்து பக்கத்தில் நிற்கும். அதனால் ஆடி மாதத்தில் ஓட்டுகிறவன் மணியை நம்பவே கூடாது.

நான் செய்வது இதுதான். ஒரு ஆளின் முதுகைப் பார்த்தாலே முப்பது நாற்பது அடிக்கு முன்பே ஆக்சிலேட்டரை விட்டுவிடுவேன். வண்டி தானாக நடை வேகத்துக்கு வந்துவிடும். கிட்டே போய் "வலப்பக்கம் வர்றேன் ஆத்தா" என்று வாயால் சொல்வேன். அவர்கள் திரும்பிப் பார்த்த பிறகுதான் தாண்டுவேன், எப்போதும் வலப்பக்கமாக மட்டும். திரும்பாவிட்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவேன். அதனால் ஐஸ் ஒன்றும் உருகிவிடாது. கடைசி நேரத்தில் பிரேக் பிடித்துக்கொள்ளலாம் என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம். முகுந்தராயர் சத்திரம் தாண்டி அரிச்சல்முனை ரோட்டில் மணல் ஏறிக்கிடக்கும் இடத்தில் முன் பிரேக்கை அழுத்தி ஒருமுறை விழுந்திருக்கிறேன், தோள்பட்டை இரண்டு மாதம் படுத்தியது.

உப்புக்காத்து எழுதியது:

நான் சைக்கிள் மெக்கானிக், சட்டக் கேள்விக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மோட்டார் 250 வாட்டுக்குக் குறைவு, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவு, பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள், அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனத்தின் சான்று, இவ்வளவும் இருந்தால் அந்த வண்டி மோட்டார் வாகனம் என்ற கணக்கிலேயே வராது. பதிவு எண் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம். இதில் ஒன்று மீறினாலும் அது மோட்டார் வாகனம்தான். நடைபாதை என்று ஒதுக்கிய இடத்தில் மோட்டார் வாகனம் ஓட்டக்கூடாது என்பது சாலை விதி. ஆகவே பதிவு எண்ணோடு ஓடும் பேட்டரி ஸ்கூட்டரை அந்தப் பாதையில் விடவே கூடாது, அதில் பேச்சுக்கே இடமில்லை. சின்ன வண்டிக்குத்தான் ஊர் பேசி ஒரு ஒழுங்கு வைக்க வேண்டியிருக்கிறது.

என் கடைக்குப் பையன்கள் வந்து "அண்ணே, லிமிட் ஒயரைக் கழட்டி விடுங்க" என்கிறார்கள். கன்ட்ரோலரிலிருந்து வரும் மெல்லிய ஒயர் அது, சில வண்டிகளில் அதைப் பிரித்தால் வேகக் கட்டுப்பாடு போய்விடும். நான் செய்து தருவதில்லை, ஆனால் செய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி மாற்றிய வண்டி சட்டப்படி பதிவில்லாத மோட்டார் வாகனம், யார் மேலாவது மோதினால் இன்சூரன்ஸும் கிடையாது. பெற்றோர்கள் இதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஒயரைத் தொடாவிட்டாலும் 25 கிலோமீட்டர் வேகம் என்பது ஒரு நொடிக்கு ஏழு மீட்டர். ஒரு வயதானவர் சத்தம் கேட்டுத் திரும்புவதற்குள் வண்டி அவர் மேல் இருக்கும். வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் மோதும் ஆற்றல் நாலில் ஒரு பங்காகிவிடும், அதனால் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் அந்தப் பாதையில் யாருக்கும் வேலை இல்லை.

அப்புறம், நம் கரையில் உப்பு எதையும் விட்டுவைக்காது. பிரேக் ஒயர் உறைக்குள்ளேயே துருப்பிடித்து இறுகும், லிவரை அழுத்தினால் பிடிக்கும், விட்டால் திரும்பாது. மணிக்குள் இருக்கும் சின்னப் பல்சக்கரமும் அப்படியே. பார்க்கப் புதுசாக இருக்கும், அடித்தால் "டிங்" வராது, "டக்" என்று மட்டும் வரும். அந்தப் பையனின் மணியை ஒருமுறை அடித்துப் பாருங்கள்.

கீழக்கரைப் பெண் எழுதியது:

மெக்கானிக் காக்கா (அண்ணனை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) சொல்வதெல்லாம் சரி. ஆனால் இப்படிப் பேச்சு வரும்போதெல்லாம் கடைசியில் வயதானவர்களுக்குத்தான் புத்திமதி போகிறது, ஓரமாக நட, திரும்பிப் பார்த்து நட என்று. என் உம்மாவுக்கு ஒரு காது கேட்காது, கண்ணிலும் புரை. வீட்டுக்கும் மாமி வீட்டுக்கும் நடுவில் இருக்கும் அந்தக் கொஞ்ச தூரம்தான் அவர் தனியாகப் போய்வரும் ஒரே இடம். அதையும் பயந்து பயந்து நடக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நானும் பேட்டரி சைக்கிளில்தான் மகளை ஸ்கூலில் விடுகிறேன், ஒதுங்க வேண்டியது வண்டியில் இருக்கும் நான்தான். நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியலமைப்பின் 21ஆவது பிரிவில், அதாவது உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. இதைக் கூட்டத்தில் சொல்லுங்கள்.

ராத்திரி விஷயத்தையும் மறக்க வேண்டாம். மக்ரிப் தொழுகை முடிந்து திரும்பும்போது எதிரே வரும் பேட்டரி வண்டியின் வெள்ளை லைட் நேராகக் கண்ணில் அடிக்கிறது, உம்மா நின்ற இடத்திலேயே நின்றுவிடுவார். லைட்டைக் கொஞ்சம் கீழே சாய்த்து வைத்தால் போதும், ஒரு ஸ்குரூதான்.

மண்டபத்துக்காரன் மறுபடி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மெக்கானிக் அண்ணன் சொன்னதைப் படித்ததும் அந்தப் பையன் வீட்டுக்குப் போனேன். மணியை அழுத்தினால் அதே "டக்" சத்தம்தான். காற்றும் எதிராக இருந்திருக்கிறது, மணியும் செத்திருக்கிறது, அவன் மட்டும் அடித்துவிட்டோம் என்று நம்பி வந்திருக்கிறான். அவன் அம்மா தையல் மிஷின் எண்ணெயை எடுத்து வந்தார், கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டதும் சத்தம் வந்துவிட்டது. லிமிட் ஒயரையும் பார்த்தேன், அதில் கை வைக்கவில்லை.

கம்பி வேண்டாம் என்று ஞாயிற்றுக்கிழமை சொல்லப் போகிறேன். காலை ஐந்தரையிலிருந்து எட்டு வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு போவது, மற்ற நேரத்தில் ஆளைக் கண்டால் நடை வேகம், தாண்டுவது வலப்பக்கமாக மட்டும், இந்த மூன்றையும் இரண்டு முனையிலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்கக் கேட்பேன். பாதையில் மணல் ஏறிக்கிடக்கும் இடங்களில்தான் நடப்பவரும் வண்டியும் ஒரே ஓரத்தில் நெருங்குகிறோம் என்பதை நேற்று நடந்து பார்த்தபோது கவனித்தேன், மொத்தம் நாலு இடம். ஆடி முடியும் வரை வாரத்துக்கு ஒருமுறை அதை அள்ள என் வீட்டு மண்வெட்டி இருக்கிறது, இன்னும் இரண்டு பேர் வந்தால் ஒரு மணி நேர வேலை.