மோரேயில் ஒரு நேதாஜி படைக்காரர் வீட்டுக் கடை

நேதாஜியின் ஐ.என்.ஏ.வில் (இந்திய தேசிய ராணுவத்தில்) இருந்தவர்களின் குடும்பத்தை நேரில் சந்தித்தவர்கள் எழுதுங்கள் என்றதால் என் பங்குக்கு இது. நான் சந்தித்தது தமிழ்நாட்டில் இல்லை. மணிப்பூரின் பர்மா எல்லையில் இருக்கும் மோரேயில். இம்பாலிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர். பல்லேல் வரை சமவெளி, அதற்கு அப்புறம் முழுக்க மலைப்பாதை, நடுநடுவே சோதனைச் சாவடி. வேலை விஷயமாகப் போயிருந்தேன். கோவிட்டுக்கு முன்னால், எல்லை கேட் திறந்திருந்த காலம்.

மோரேயில் தமிழர்கள் இருக்கிறார்கள், அங்காளபரமேஸ்வரி கோயில் இருக்கிறது என்பதெல்லாம் கேள்விப்பட்டதுதான். சாப்பிட நுழைந்த கடை பாதி மளிகை, பாதி சாப்பாட்டுக் கடை. ஒரு பக்கம் சீனக் கம்பளி, பிளாஸ்க், செருப்பு, முகத்தில் அரைத்துப் பூசும் தனாக்கா கட்டை. இன்னொரு பக்கம் இட்லிப் பானையும், அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸும். கடைக்கார அண்ணன் நூடுல்ஸில் கோஸ், புளித்தண்ணீர், வறுத்த வெங்காயம், பூண்டு எண்ணெய் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுத்தார். கூடவே வாழைத்தண்டு சூப். சென்னை பர்மா பஜாரில் சாப்பிட்டதைவிடப் புளிப்பு கம்மி. கல்லாவில் ரூபாய்க்கு ஒரு அறை, பர்மியப் பணமான கியாட்டுக்கு ஒரு அறை. நான் சாப்பிட்டு முடிப்பதற்குள் மெய்தேய், குக்கி, இந்தி, பர்மியம் நான்கிலும் பேரம் பேசிவிட்டார். என்னிடம் மட்டும் ராமநாதபுரத்துத் தமிழ்.

கதையைச் சொன்னது அவருடைய அம்மா. அந்த அம்மாவின் மாமனார் ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனவர். 1944-இல் நேதாஜி படையில் சேர்ந்தார். மலேயாவிலும் பர்மாவிலும் அப்படிச் சேர்ந்த சாதாரணத் தமிழர்கள் நிறைய. மோரேயை ஒட்டிய பர்மிய ஊரான தமு வழியாகப் பல்லேலை நோக்கிப் போன காந்தி ரெஜிமெண்டில் இருந்ததாக வீட்டில் சொல்வார்களாம். பல்லேலைத் தாண்ட முடியவில்லை. ஜூலையில் பின்வாங்கியபோது மழை, மலேரியா, வயிற்றுப்போக்கு. குண்டடியைப் பற்றி அவர் பேசியதே கிடையாதாம். பசியைப் பற்றித்தான் பேசுவாராம்.

போர் முடிந்ததும் பர்மாவிலேயே பெகு பக்கத்தில் ஒரு சிற்றூரில் மளிகைக் கடை போட்டார். அது நன்றாகவே ஓடியது. 1964-இல் பர்மாவின் நே வின் ராணுவ அரசு கடைகளைத் தேசியமயமாக்கியது. 50, 100 கியாட் நோட்டுகளும் செல்லாது என்று ஆனது. குடும்பம் கப்பலேறி மெட்ராஸ் வந்தது. அகதி முகாம் வாழ்க்கை ஒத்துவரவில்லை. பர்மாவே தேவலை என்று இவர்களைப் போலப் பலர் வடகிழக்குக்கு ரயிலேறி, மணிப்பூர் வழியாகத் தரை மார்க்கமாகத் திரும்பப் பார்த்தார்கள். பர்மியக் காவலர்கள் விடவில்லை. மோரேயிலேயே தங்கிவிட்டார்கள்.

அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தம்பி, எங்க மாமா இந்த ரோட்டுல ரெண்டு தடவ வந்தாரு. மொத தடவ துப்பாக்கியோட இந்தியாவுக்குள்ள போகப் பாத்தாரு, விடல. ரெண்டாந்தடவ பொட்டி படுக்கையோட பர்மாவுக்குள்ள போகப் பாத்தாரு, அப்பவும் விடல. சரி, ரெண்டுக்கும் நடுவுல கடையப் போடுவோம்னுட்டாரு."

முதல் கடை என்பது ஒரு பலகையும் நாலு டப்பாவும்தானாம். வெற்றிலை, பீடி, இட்லி. 1972-இல் சுதந்திரப் போராட்ட வீரர்களுக்கு ஓய்வூதியம் அறிவித்தபோது இவரும் மனுப் போட்டார். சிறையில் இருந்த சான்றிதழ் கேட்டார்கள். தமுவில் காய்ச்சலோடு கிடந்தவருக்கு யார் சான்றிதழ் தருவார்கள்? இரண்டாவது தடவை அலுவலகத்துக்குப் போகச் சொன்னபோது, அன்றைக்குக் கடையைச் சாத்தினால் எவ்வளவு நஷ்டம் என்று கணக்குப் போட்டுவிட்டு, போகவே இல்லை. எனக்கு இந்த இடம்தான் பிடித்தது. தியாகி பட்டத்தைவிடக் கடை அவருக்குப் பெரிது. வீட்டாரும் அதில் குறை காணவில்லை. மொய்ராங்கில், 1944 ஏப்ரல் 14 அன்று ஐ.என்.ஏ. கொடியேற்றிய ஊரில், ஐ.என்.ஏ. அருங்காட்சியகம் இருக்கிறது. நான் போய்ப் பார்த்தேன். இவர்கள் வீட்டில் யாரும் போனதில்லை.

அந்த அம்மாவின் பேரன் துணை ராணுவப் படையான அசாம் ரைபிள்ஸில் சேர ஆசைப்பட்டான். பாட்டிக்குத் துளியும் சம்மதமில்லை. "ஒருத்தர் போனது போதும், கல்லாவுல உக்காரு" என்றார் என் முன்னாலேயே. அவன் சிரித்துக்கொண்டே சூப் ஊற்றினான்.

2020-இல் கேட் மூடியதும் வியாபாரம் படுத்துவிட்டது. 2023 மணிப்பூர் கலவரத்தில் மோரேயில் தமிழர் வீடுகளும் எரிந்தன. அம்மாவும் பேரனும் இப்போது சென்னை வியாசர்பாடியில் சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறார்கள். அண்ணன் மட்டும் மோரேயில் கடையைத் திறந்து வைத்திருக்கிறார். போனில் பேசும்போதெல்லாம் அம்மா ஒன்றைக் கேட்கிறார்: மாமா பெயர் எந்த ரெஜிமெண்டுப் பட்டியலிலாவது இருக்குமா? ஓய்வூதியத்துக்காக இல்லை, தெரிந்துகொள்ளத்தான். டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் ஐ.என்.ஏ. ஆவணங்களைத் தேடிப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால், எங்கே தொடங்க வேண்டும் என்று எழுதுங்கள்.