சூப்பர் 8 குறும்பட மாலை: கலையா, வசதியானவர்களின் விளையாட்டா?

மழைக்கமரா:
போன சனிக்கிழமை மாலை லண்டனில் ஒரு பப்பின் மேல்மாடியில் நாற்பது கதிரை போட்டு ஒன்பது குறும்படங்கள் காட்டினார்கள். எல்லாம் சூப்பர் 8 ஃபிலிமில் எடுத்தவை, எட்டு மில்லிமீட்டர் அகலமே உள்ள சின்ன ஃபிலிம். விதிகள் 1999இல் எட் சேயர்ஸ் என்பவர் இதே ஊரில் தொடங்கிய ‘ஸ்ட்ரெய்ட் 8’ நிகழ்விலிருந்து கடன் வாங்கியவை. ஆளுக்கு ஒரே ஒரு கார்ட்ரிட்ஜ், அதாவது ஒரு ஃபிலிம் டப்பி. கதை ஓடும் வரிசையிலேயே எடுக்க வேண்டும். கமராப் பொத்தானை அழுத்துவதும் விடுவதும்தான் எடிட்டிங், வேறு கிடையாது. எடுத்த ரோலைக் கழுவாமல் அப்படியே ஒப்படைத்துவிட வேண்டும். ஒலியை, படத்தைப் பார்க்காமலே தனியாகச் செய்து கொடுக்க வேண்டும். எடுத்தவரே தன் படத்தை முதன்முதலில் பார்ப்பது நம்மோடு உட்கார்ந்துதான்.

ஒரு படத்தில் ரயில் மேடையில் ஒரு பெடியன் நிற்கிறான். ரயில் வருகிறது, போகிறது. மேடை வெறிச்சோடுகிறது. அதற்கப்புறம்தான் ரயிலின் ஊதல் கேட்கிறது! கமரா கொஞ்சம் வேகம் மாறி ஓடியதில் ஒலி இரண்டு மூன்று விநாடி பிந்திவிட்டது. எடுத்த பெண் எனக்கு முன் வரிசையில் இருந்தாள், தலையில் கை வைத்துவிட்டாள். ஆனால் அந்தப் பிந்திய ஊதல்தான் இன்னும் என் காதில் நிற்கிறது. பத்து வருடமாக இவ்வளவு உயிரான ஒரு திரையிடலை நான் பார்க்கவில்லை.

பட்ஜெட்_பத்து:
அண்ணே, மன்னிக்கணும். அதற்குப் பெயர் சிங்க் அவுட், படமும் ஒலியும் ஒத்துப்போகாத தப்பு. நான் அப்படி ஒரு படம் போட்டுக் காட்டினால் இதே தளத்தில் கிழித்துத் தொங்கவிடுவார்கள். ஃபிலிமில் எடுத்தால் மட்டும் தப்பு கவிதையாகிவிடுமா?

இதுவரை நான் எடுத்த எட்டுக் குறும்படமும் மொபைலில்தான். நடித்தவர்கள் ரூம்மேட்ஸ், லைட் என்பது தெருவிளக்கு. கோடாக் கம்பெனி 2016இல் அறிவித்து 2023 கடைசியில்தான் கடைக்குக் கொண்டுவந்த சூப்பர் 8 கேமரா வந்தபோது அதன் விலை தெரியுமா? 5,495 டாலர். நம் காசுக்கு நாலரை லட்சத்துக்கு மேல். அந்தப் பணத்தில் என் எட்டுப் படத்தையும் திரும்ப எடுத்து, யூனிட்டுக்குப் பிரியாணியும் போடுவேன்.

மழைக்கமரா:
அந்தக் கமராவை அங்கே ஒருவரும் வைத்திருக்கவில்லை, தம்பி. எல்லாம் எழுபதுகளின் பழைய கமராக்கள். பழைய சாமான் சந்தையில் வாங்கியது, மாமா வீட்டுப் பரணில் கிடந்தது. கார்ட்ரிட்ஜுக்கும் கழுவுவதற்கும் ஸ்கேனுக்கும் செலவு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் செலவு ஒரு தடவைதான். ஒரு கார்ட்ரிட்ஜில் 50 அடி, 3,600 ஃப்ரேம். விநாடிக்கு 18 ஃப்ரேம் ஓட்டினால் 3 நிமிடம் 20 விநாடி, 24 ஃப்ரேம் என்றால் இரண்டரை நிமிடம்தான். அதற்குமேல் செலவழிக்க உங்களிடம் ஃபிலிமே இருக்காது.

சும்மா_பார்ப்பவன்:
ஒரு சின்னச் சந்தேகம். திரையிட்டது புரொஜக்டரிலா, லேப்டாப்பிலா?

மழைக்கமரா:
அதைக் கேட்கமாட்டீர்கள் என்று நினைத்தேன். ஏழு படம் லேப்டாப்பில். அவை கலர் நெகட்டிவில் எடுத்தவை, நெகட்டிவில் நிறமெல்லாம் தலைகீழாக இருக்கும், அப்படியே ஓட்ட முடியாது என்பதால் ஸ்கேன் செய்துவிட்டார்கள். இரண்டு படம் மட்டும் டிரை-எக்ஸ் என்ற ரிவர்ஸல் ஃபிலிம், கறுப்பு வெள்ளை. ரிவர்ஸலைக் கழுவினால் நேராகவே பாசிட்டிவ் வந்துவிடும் இல்லையா, அதை மட்டும் நடுக் கதிரைகளுக்கு இடையில் ஒரு ஸ்டூலில் புரொஜக்டரை வைத்து ஓட்டினார்கள்.

பட்ஜெட்_பத்து:
ஆக ஒன்பதில் ஏழு டிஜிட்டல்! நீங்கள் பார்த்தது ஃபைல் அண்ணே. ஃபிலிமின் ஃபைல். இதற்கு நான் ஃபிலிம் மாதிரி புள்ளி புள்ளியாகத் தெரிய கிரெய்ன் எஃபெக்ட் போட்டால் மட்டும் போலி என்பீர்கள்.

பழைய_லேப்:
இந்தச் சண்டைக்குள் வரக்கூடாது என்று இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

நான் கோடம்பாக்கத்தில் ஃபிலிம் கழுவும் ஒரு லேபில் 1988இல் சேர்ந்து, அது பூட்டும்வரை வேலை பார்த்தவன். பெயர் வேண்டாம். முதல் நாலு வருடம் நெகட்டிவ் கட்டிங். வெள்ளைக் கையுறை, பாசிட்டிவ் எடிட் ஆகி வரும், ஓரத்து எண்ணைப் பார்த்து ஒரிஜினல் நெகட்டிவை வெட்டி ஒட்ட வேண்டும். ஒட்டுவதற்கு ஒரு ஃப்ரேம் பலி போகும். தப்பாக வெட்டினால் அவ்வளவுதான், கன்ட்ரோல் இசட் கிடையாது. ஒரு முறை ஒரு குளோஸப்பை இரண்டு ஃப்ரேம் தள்ளி வெட்டிவிட்டு, அன்றைக்கு இரவு சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் பிரின்ட் போட்டுப் பார்த்தார்கள். டைரக்டர் கவனிக்கவில்லை. எடிட்டர் கவனித்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பார்வையை நான் மறக்கவே இல்லை.

நாங்கள் பயந்து செத்த விஷயத்தை இப்போது பெடியள் விதி என்று வைத்து விளையாடுகிறார்கள் (மழைக்கமரா, உங்கள் சொல்லைத்தான் எடுத்துக்கொண்டேன்). சிரிப்புதான் வருகிறது. ஃபிலிம் போனதில் எனக்கு வருத்தம் கிடையாது. வேலை போனதில்தான் வருத்தம். அப்புறம், ஃபிலிம் அழகு ஃபிலிம் அழகு என்கிறவர்கள் ஒரு நாள் ஃபிலிம் கழுவும் பிளீச் டேங்க் பக்கம் நின்று பார்க்க வேண்டும். மூக்கு நாலு நாளைக்கு உங்களுடையதாக இருக்காது.

ஊட்டிக்காரி:
அய்யா, உங்கள் பதிவைப் படித்ததும் எழுதத் தோன்றியது. என் அப்பா ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸில் வேலை பார்த்தார். 1960இல் தொடங்கிய அரசு ஆலை, ‘இந்து’ என்ற பெயரில் ஃபிலிம் வரும். பலர் வீட்டு ஆல்பத்துக் கறுப்பு வெள்ளைப் படங்களும் ஆஸ்பத்திரி எக்ஸ்ரேயும் அதில் எடுத்ததாக இருக்கும். ஃபிலிமில் பூச்சுப் போடும் அறையில் துளி வெளிச்சம் இருக்கக்கூடாது. வருடக்கணக்கில் இருட்டில் நடமாடிய மனுஷர். வீட்டில் கரண்ட் போனால் நாங்கள் முட்டிமோதுவோம், அப்பா மட்டும் நேராகப் போய்த் தீப்பெட்டியை எடுத்து வருவார்.

இப்போது அந்த ஆலை இல்லை. ஃபியூஜி 2013இல் சினிமா ஃபிலிமை நிறுத்தியது. கோடாக் 2012இல் திவால் மனு போட்டு எப்படியோ எழுந்தது. இன்றைக்குக் கலர் சினிமா நெகட்டிவ் வேண்டுமென்றால் கிட்டத்தட்ட அந்த ஒரு கடைதான், அமெரிக்காவின் ரோசெஸ்டரிலிருந்து வர வேண்டும். ஒரே கடையை நம்பி ஒரு கலையா? லண்டனில் இருப்பவருக்கு லேப் பக்கத்திலேயே இருக்கிறது. குன்னூரில் ஒரு பிள்ளை ஆசைப்பட்டால் ரோலை வரவழைத்து, எடுத்து, மறுபடி எங்கோ ஒரு லேபுக்கு அனுப்ப வேண்டும். வழியில் விமான நிலையத்துப் புது சிடி (எக்ஸ்ரே) ஸ்கேனரில் ஒரு முறை போனால் படம் புகைமூட்டம். என் தோழிக்கு நடந்தது. ஒரு கல்யாணம் முழுக்கப் பனி பெய்த மாதிரி வந்தது.

(கொசுறு: ஃபிலிம் பூச்சில் இருக்கும் ஜெலட்டின் மாட்டு எலும்பிலிருந்து வருவது. சுத்த சைவம் என்று சொல்லிக்கொண்டு ஃபிலிம் காதல் பேசுகிறவர்கள் கவனிக்கவும்.)

சும்மா_பார்ப்பவன்:
ஆனாலும் ஃபிலிம் நூறு வருடம் நிற்கும். ஹார்ட் டிஸ்க் ஐந்து வருடம் தாண்டினால் பயம்தான்.

பழைய_லேப்:
எந்த ஊரில் நூறு வருடம்? குளிர் ரூமில் வைத்தால் நிற்கும். நம் சென்னைப் புழுக்கத்தில் அசிடேட் ஃபிலிம் டப்பாவைத் திறந்தால் வினிகர் வாடை முகத்தில் அடிக்கும், உள்ளே ஃபிலிம் சுருங்கி அப்பளமாகக் கிடக்கும். பழைய ஈஸ்ட்மென் கலர் பிரின்ட் பார்த்திருக்கிறீர்களா? நீலம், பச்சை எல்லாம் ஓடிப்போய் ஹீரோ, மரம், வானம் எல்லாமே ரோஸ் கலர். 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் காளிதாஸ், அதன் பிரதி ஒன்றுகூட இன்று கிடைக்கவில்லை. உள்ளே இருக்கும் வெள்ளிக்காக உருக்கப்பட்ட பழைய ஃபிலிமுக்கு நம் ஊரில் கணக்கே கிடையாது. நிற்பதும் போவதும் வைத்துக் காப்பாற்றுகிறவன் கையில்.

மழைக்கமரா:
எல்லாம் சரி. கிரெய்ன், நிறம், நூறு வருடம், இவற்றில் எதையும் நான் சொல்லவே இல்லையே! லேப்டாப்பில் ஓட்டினாலும் எனக்குக் கவலையில்லை. நான் சொல்வது எடுக்கும் விதத்தை.

புரொஜக்டரில் ஓடிய இரண்டில் ஒன்று: ஒரு கிழவி அடுக்களையில் தோடம்பழம் (ஆரஞ்சு) உரிக்கிறார். ஒவ்வொரு ஷாட்டின் தொடக்கத்திலும் ஒரு மின்னல் வெட்டு. மோட்டார் வேகம் எடுப்பதற்குள் அந்த முதல் ஃப்ரேமில் வெளிச்சம் கூடுதலாக விழுந்துவிடுகிறது, வெட்டி எறிய வழியில்லை. அதனால் அந்தப் பெடியன் ஷாட்டுகளைக் குறைத்துவிட்டான். மொத்தம் ஆறோ ஏழோ இருக்கும். கடைசி ஷாட்டில் கிழவி ஒரு சுளையை எடுத்துக் கமராவை நோக்கி நீட்டுகிறார். கை பாதி வந்ததும் ரோல் முடிந்து திரை வெள்ளையாகிவிட்டது. அவனுக்கே தெரியாது அங்கே முடியும் என்று. மொபைலில் இதே படத்தை எடுத்திருந்தால் இருபது டேக் போயிருக்கும். கிழவி அலுத்திருப்பார், சுளை நசுங்கியிருக்கும்.

பட்ஜெட்_பத்து:
இப்போதுதான் வாதம் என்று ஒன்று வந்திருக்கிறது. சரி, அப்படியென்றால் உங்களுக்குப் பிடித்தது கட்டுப்பாடு. அதற்கு எதற்கு ஃபிலிம்? நானும் மொபைலில் 3 நிமிடம் 20 விநாடி, வரிசைப்படி, ஒரே டேக், எடிட் இல்லாமல் எடுக்கிறேன். முடிந்தது கதை.

பழைய_லேப்:
கட்டுப்பாடு நமக்குப் புதுசா? இரண்டாம் உலகப் போர் நேரத்தில் ஃபிலிம் தட்டுப்பாடு வந்து, படம் 11,000 அடிக்குள் இருக்க வேண்டும் என்று சர்க்கார் உத்தரவு போட்டது. அதுவரை பதினெட்டாயிரம், இருபதாயிரம் அடி என்று இழுத்துக்கொண்டிருந்த புராணப் படக்காரர்கள் வேறு வழியில்லாமல் பாட்டைக் குறைத்தார்கள். ஆசைப்பட்டுக் குறைத்தவர் யாரும் இருந்ததாக நான் கேள்விப்படவில்லை. தம்பி, நீ உனக்கே போட்டுக்கொள்ளும் விதியை இரவு பதினோரு மணிக்கு யாரும் பார்க்காதபோது மீறுவாய். அது உன் தப்பில்லை. அழிக்கிற பட்டன் கட்டைவிரலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

பட்ஜெட்_பத்து:
மீற மாட்டேன் அய்யா. ஞாயிற்றுக்கிழமைக்குள் எடுத்துப் போடுகிறேன். பந்தயம்.

ஊட்டிக்காரி:
ஒலியையும் படத்தைப் பார்க்காமல் செய்ய வேண்டும். ஏமாற்றக்கூடாது.

பட்ஜெட்_பத்து: (நான்கு நாள் கழித்து)
படம் தயார். மொட்டைமாடியில் அம்மா வடகம் போடும் கதை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், மூன்றாவது ஷாட்டை அழித்துவிட்டுத் திரும்ப எடுத்தேன். பக்கத்து வீட்டுப் பூனை வடகத் துணியின் நடுவில் போய் உட்கார்ந்துவிட்டது, அம்மா கரண்டியோடு துரத்தியதில் ஃபோகஸ் எங்கோ போய்விட்டது. ஆனால் இரண்டாவது டேக் ரொம்ப நன்றாக வந்திருக்கிறது. பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், இதில் என்ன குறை?

மழைக்கமரா:
பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பூனை ஷாட்டையும் போடுங்களேன்?

பட்ஜெட்_பத்து:
அதைத்தான் அழித்துவிட்டேனே அண்ணே.