கருவாடு தப்பியது, பால்கோவா மாட்டியது

ஜெர்மனியில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டுக்குப் போய் மாட்டிக்கொண்ட கதையை மூன்று குடும்பத்தார் சொல்கிறோம், முதலில் நான். 2023 மே மாதம் அம்மா, நான், வீட்டுக்காரர், பத்து வயது மகன் என நாலு பேரும் தங்கை வீட்டுக்குப் போனோம். தங்கை கட்டிக்கொண்டது ஜெர்மன்காரரை, கொலோனுக்குப் பக்கத்தில் வீடு. கல்யாணம் மதுரையில் நடந்தபோது மாப்பிள்ளை வீட்டார் வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனார்கள், அதனால் அங்கே வெறுங்கையோடு போய் நிற்கக் கூடாது என்று அம்மாவுக்கு ஒரே பிடிவாதம். பெட்டியை அவரே கட்டினார், என்னைத் தொடவிடவில்லை. அதுதான் வினை.

ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கியதும் பாஸ்போர்ட் வரிசையில் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அழைப்புக் கடிதம், 30,000 யூரோவுக்கு எடுத்த மருத்துவக் காப்பீடு, திரும்பும் டிக்கெட் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். அதிகாரி கேட்டது இரண்டே கேள்வி, யார் வீட்டுக்கு, எத்தனை நாள். முத்திரை குத்தி அனுப்பிவிட்டார், ஃபைலைத் திறக்கவே வேலை வரவில்லை. அட, இவ்வளவுதானா என்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு சுங்கத்தில், காட்ட எதுவும் இல்லாதவர்கள் போகிற பச்சை வழியில் நடந்தால் அங்கே ஓர் அம்மணி கையைக் காட்டி ஓரமாக வரச் சொன்னார்.

இறைச்சி, பால் பொருள், செடி கொடி ஏதாவது உண்டா என்று ஆங்கிலத்தில் கேட்டார். இல்லை என்று நான் சத்தியம் செய்யாத குறை. பெட்டி திறந்தது. மேலே பட்டுப்புடவை, அதற்கடியில் பருப்புப்பொடி, மாவடு ஊறுகாய், ஒரு லிட்டர் நெய், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா இரண்டு கிலோ, ஈரத்துணியிலும் தினத்தாளிலும் சுற்றிய ஒரு கட்டு கறிவேப்பிலை, மூன்று பிளாஸ்டிக் பைக்குள் நெத்திலிக் கருவாடு. மூன்றாவது பையைப் பிரித்ததும் வாடை கிளம்ப, பக்கத்து மேசையில் நின்ற பயணி ஓர் அடி தள்ளி நின்றார். எனக்கு மானம் போயிற்று. தொலைந்தோம், கருவாட்டுக்குத்தான் அபராதம் என்று நினைத்தேன். அந்த அம்மணியோ, மீனா, காய்ந்த மீனா, சரி என்று அப்படியே மூடி வைத்துவிட்டார். மீன் 20 கிலோ வரை சொந்த உபயோகத்துக்குக் கொண்டுபோகலாமாம்! பால்கோவாவைக் காட்டி இது என்ன என்று கேட்டபோது, பெருமையாகப் பாலில் செய்த இனிப்பு என்று சொன்னது நான்தான். அது போயிற்று, பின்னாலேயே நெய்யும் போயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிற பயணிகள் பெட்டியில் இறைச்சியும் பால் பொருளும் கூடாது, கோமாரி மாதிரி கால்நடை நோய்கள் உள்ளே வந்துவிடும் என்ற பயம்.

கறிவேப்பிலைக்கு அம்மா விடவில்லை. தாளிக்கிற மாதிரி கையை ஆட்டிக் காட்டி, "இது இல்லாம ரசம் எப்படிம்மா வைக்கிறது?" என்று தமிழிலேயே கேட்டார். அந்த அம்மணி சிரித்தார், ஆனால் எடுத்துக்கொண்டார். 2019 டிசம்பரிலிருந்து செடி, இலை, பழம் எதற்குமே தாவர நலச் சான்று வேண்டும், விலக்கு உள்ளவை அன்னாசி, தேங்காய், டுரியன், வாழைப்பழம், பேரீச்சை ஐந்தும்தான். அதைக் கேட்டதும் அம்மா என் பக்கம் திரும்பி, "தேங்காயே கொண்டாந்திருக்கலாம்டி" என்றார். அபராதம் போடாமல் விட்டது அதிர்ஷ்டம். சந்தேகமாக எதையாவது வைத்திருந்தால் பேசாமல் சிவப்பு வழியில் போய் நாமே காட்டிவிடுவது நல்லது. நான் பண்ணியது முட்டாள்தனம்.

வெளியே தங்கையும் சம்பந்தியம்மாவும் பூங்கொத்தோடு நின்றார்கள். அன்று மதியம் வெள்ளை ஸ்பார்கல் என்கிற தண்டுக் காயை அவித்து வெண்ணெய் சாஸ் ஊற்றிக் கொடுத்தார் சம்பந்தியம்மா. அங்கே மே மாதம் என்றால் வீட்டுக்கு வீடு அதுதான். அம்மா ஒன்றை எடுத்து, முருங்கைக்காய் என்று நினைத்து, மென்று சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் தட்டோரம் அழகாக வரிசை வைத்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் சம்பந்தியம்மாவும் ஒரு சக்கையைத் துப்பித் தம் தட்டோரம் வைத்தார்.

கருவாடா? தங்கை அதை வீட்டுக்குள் பொரிக்கவே விடவில்லை. அடுக்குமாடிக்குக் கீழே உள்ள நிலவறையில் சைக்கிளுக்குப் பக்கத்தில் மூன்று வாரம் தொங்கியது.

*

எங்களுக்கு மாட்டியது கடிகாரம். அக்காவின் மாமனார் ம்யூனிக்கில் இருக்கிறார், முதல் நாள் இரவு விருந்துக்கு அழைத்து, தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் "ஹாஃப் எய்ட்" என்றார். எட்டரைதானே என்று நிதானமாகக் குளித்து 8.25க்குப் போய் நின்றோம், நேரம் தவறாமல் வந்த பெருமையோடு. எல்லோரும் ஒரு மணி நேரமாகக் கையைக் கட்டிக்கொண்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஜெர்மனில் அரை எட்டு என்றால் எட்டாவது மணியில் பாதி, அதாவது ஏழரை. நம் ஊரில் ஏழரைக்கு இருக்கிற அர்த்தத்தை அப்பா அப்புறம் மாமனாருக்கு விளக்கப் போய், சனிபகவான் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனார்.

*

நாங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து போனது, அண்ணா குடும்பம் டோர்ட்முண்டில். விமான நிலையத்தில் அண்ணாவின் கடைக்குட்டி, ஆறு வயது, ஓடி வந்து அம்மாவைக் கட்டிப் பிடித்து, "அப்பம்மா, நீ களைச்சுப் போனியா?" என்று கேட்டாள். அம்மாவின் முகம் சுருங்கிப் போச்சுது. எங்கட வீட்டில் பெரியாட்களை நீ என்று கூப்பிட்டால் வாயில் அடி விழும். ஜெர்மனில் வீட்டு ஆட்கள் எல்லோருக்கும், அம்மம்மா அப்பம்மா என்றாலும், 'டூ' (நீ) தான், 'ஸீ' (நீங்கள்) என்பது வெளியாருக்கு என்று அண்ணி விளங்கப்படுத்தினா. அந்தப் பிள்ளைக்கு நீங்கள் என்றால் யாரோ பிறத்தி ஆள். அம்மா சரி என்று தலையாட்டினாலும் ஒரு கிழமையாக மெல்ல மெல்லத் திருத்திக்கொண்டே இருந்தா.

பிறகு ஹம் என்ற ஊரில் இருக்கிற காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போனோம், 2002இல் கும்பாபிஷேகம் நடந்தது. தொழிற்சாலைகளுக்கு நடுவில் 17 மீட்டர் கோபுரம் எழும்பி நிற்கும். அம்மா கண்ணை மூடிக்கொண்டு சத்தமாக, "தாயே, நீதான் பாக்க வேணும்" என்று கும்பிட்டா. சின்னவள் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்து, "அப்ப சாமி மட்டும் நீயா?" என்று கேட்டாள்.